மாப்பிள்ளை என்ற சுவிட்ச்

எங்கள் தெருவில் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் சொல்வோம். அவர் பூட்டு விற்றதில்லை, பூட்டு ரிப்பேர் செய்ததும் இல்லை. ஹோட்டல்களின் பின்வாசலில் அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கிச் சலவைக்கூடத்தில் இறக்குவார். வெளுத்து மடித்தவற்றைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வேலைக்கென்று ஒரு பழைய வேன் வைத்திருந்தார். சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு அவர் அதைப் பூட்டி முடிப்பதற்குள் நான் ஒரு சட்டைக்குக் கை வைத்து, காஜாவும் எடுத்துவிடுவேன்.

என் தையல் கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. வேண்டாம் என்றாலும் கண்ணில் படும். முதலில் வேனின் மூக்கு சுவரில் முட்டும்வரை கொண்டுபோய் நிறுத்துவார். ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பி, சக்கரத்தை ஓரக்கல்லில் அண்டக்கொடுப்பார். ஸ்டீயரிங்கிலிருந்து பிரேக் மிதிவரை ஒரு சங்கிலி, அதற்கு என் முழங்கை தடிமனில் ஒரு பூட்டு. கியர் கம்பிக்குத் தனிப் பூட்டு. பின்கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை, அதற்கும் பூட்டு. பிறகு வேனை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்குள் போவார். போன மனுஷர் போகட்டுமே, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்.

"என்ன அண்ணே, உள்ள தங்கம் வெச்சிருக்கீங்களா? அழுக்குப் போர்வையைத் திருடிட்டுப் போய் எவன் என்ன பண்ணப் போறான்?" என்று நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்பேன்.

"சிரி, சிரி. பறிகொடுத்தவனுக்குத்தான் தெரியும்" என்பார். கோபப்பட மாட்டார். என் வாய் நீளம் என்று அவருக்குத் தெரியும்.

அவர் பறிகொடுத்தது உண்மைதான். முதல் வேன் பட்டப்பகலில், ஒரு ஹோட்டலின் பின்புறம் நிற்கும்போதே போயிற்று. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்ததாம். ஊருக்கு வெளியே குப்பை கொட்டும் மேட்டில் பிறகு கிடைத்தது. எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, கதவு இல்லை. "ஹாரனைக்கூட விட்டு வெக்கலை பாவிங்க" என்று அந்தக் கூட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவரைத் தூக்கித்தான் அழைத்து வரவேண்டியிருந்தது என்று அவர் மனைவி சொன்னார். அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேன் போனதும் ஹோட்டல்கள் கைவிட்டன. பல வருஷம் இன்னொருவருடைய சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளை இழுத்துப் பிழிகிற கூலி வேலை. வெளுக்கும் மருந்து பட்டுப் பட்டு விரல்களில் தோல் உரிந்துபோய், சோறு பிசையக்கூட முடியாமல் அக்காதான் ஊட்டிவிடுவாராம்.

அப்படிப் பாடுபட்டு வாங்கிய இரண்டாவது வேன் முதலாவதைவிடக் கிழம். அதன் வைத்தியரான மெக்கானிக் எனக்கு ஒருநாள் விளக்கினார். புது வண்டிகளுக்குத் தம் சாவி எது என்று தெரியும். வேறு சாவியைப் போட்டால் அசையாது. இந்தக் கிழட்டு வண்டிகளுக்கு அந்த விவஸ்தை எல்லாம் கிடையாது. பூட்டு தேய்ந்திருக்கும், தட்டையாக எதை நுழைத்துத் திருப்பினாலும் கிளம்பிவிடும். அதோடு இதன் பாகங்களை இப்போது யாரும் செய்வதில்லை, அதனால் கழற்றி விற்றால் கிராக்கி.

"கிழவியை யாரு கடத்தப் போறான்னு நினைக்காதேம்மா. அவன் கண்ணு கிழவி மேலயா இருக்கு? காதுல மூக்குல போட்டிருக்கிறதுமேல இருக்கு" என்றார் மெக்கானிக்.

அந்த மெக்கானிக்கும் இவரும் சேர்ந்துதான் சுவிட்ச் ஒன்று வைத்தார்கள். ஓட்டுகிற சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினால்தான் விரலில் தட்டுப்படும். எஞ்சினுக்குப் பெட்ரோல் இறைக்கிற பம்பின் ஒயர் அதன் வழியாகப் போகிறது. சுவிட்சைத் தட்டாமல் வண்டியை எடுத்தாலும் கிளம்பும். உள்ளே தங்கிய கொஞ்சம் பெட்ரோல் தீரும்வரை ஓடும். பிறகு நடுத்தெருவில் நின்றுவிடும். திருடன் அங்கேயே நின்று பழுது பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் அல்லவா? இறங்கி ஓடிவிடுவான். அதுதான் கணக்கு. இந்த விஷயம் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. கட்டிய பெண்டாட்டிக்கும் தெரியாது. எனக்கே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

ஒரு தடவை அது வேலையும் செய்தது. காலையில் பார்த்தால் சங்கிலி அறுபட்டுக் கிடக்கிறது, கியர் பூட்டு பிளந்து கிடக்கிறது, வேன் தெருமுனையில் கதவு திறந்தபடி நிற்கிறது. தெருவே கூடிவிட்டது. "வண்டிக்குப் பூட்டுக்காரரை விட்டுப் போக மனசு வரலைப்பா" என்றார் பழக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். ஏன் நின்றது என்று அக்கா கேட்டதற்கு, "பழைய வண்டி. என் கை பட்டாத்தான் ஓடும்" என்றார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டோம்.

மாப்பிள்ளை விவகாரம் அதற்கப்புறம் வந்தது. அவருடைய ஒரே மகளைக் கட்டியவர் நாற்காலி, கட்டில் விற்கும் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷர்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. கடையில் எப்போதும் நாலு நண்பர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர் தும்மினாலும் அந்த நாலு பேருக்கும் தெரியும். ஒருநாள் ஒரு பீரோவைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்ப வேன் வேண்டும் என்று கேட்டார். பூட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா விடவில்லை. "ஒரே மாப்பிள்ளை, வாயைத் திறந்து கேட்டுட்டார். குடுக்காம இருப்பாங்களா?" என்று பிடித்துக்கொண்டார்.

வேண்டா வெறுப்பாக எல்லாப் பூட்டையும் திறந்து பீரோவை ஏற்றவிட்டார். சுவிட்சைத் தட்ட வேண்டுமே? மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார். அவர் எதிரே சீட்டுக்கடியில் கையை விட்டால் பார்த்துவிடுவார், பார்த்தால் அந்த நாலு பேருக்கும் போய்விடும். தண்ணீர் குடிக்க உள்ளே போவார், அப்போது தட்டிக்கொள்ளலாம் என்று இவர் காத்திருந்தார். மாப்பிள்ளையோ தண்ணீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஏறி ஓட்டிக்கொண்டு போயே விட்டார்!

வேன் பெரிய சாலைச் சந்திப்பின் நட்டநடுவில் நின்றது. முதுகில் பீரோ. நாலு பக்கமும் ஹாரன். போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். இவர் செருப்புப் போடாமல் பின்னாலேயே ஓடிப்போய், "கொஞ்சம் தள்ளுங்க மாப்பிள்ளை" என்று ஏறி, கீழே விழுந்ததை எடுப்பவர்போல் குனிந்து நிமிர்ந்து சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பிவிட்டது. வேடிக்கை பார்த்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஓட்டத் தெரியாதவன் எல்லாம் ஏன்டா வண்டியை எடுக்கறீங்க?" என்று எவனோ ஒருவன் கத்தினான். மாப்பிள்ளை பீரோவை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனவர்தான். அதன்பிறகு மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் மட்டும் வந்து போவாள்.

ஒரு வார்த்தை. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது மாப்பிள்ளை, என் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அக்கா அழுதுகூடப் பார்த்தார். "பெத்தது ஒண்ணு. அது தனியா வந்து தனியாப் போறதைப் பாக்க முடியலைங்க. போய்ச் சமாதானமாப் பேசுங்களேன்" என்று கெஞ்சுவது என் கடைவரை கேட்கும். அவர் கேட்காதவர்போல் வேனைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெக்கானிக் ஒருவர்தான் இதைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாராம். "அண்ணே, நம்ம சுவிட்சுக்கும் உங்க மாப்பிள்ளைக்கும் ஒரே குணம். கவனிக்கலைன்னா பாதி வழியில முறுக்கிக்கிட்டு நின்னுடுது." அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவே அந்த சுவிட்சுக்கு மாப்பிள்ளை என்றே பெயர். காலையில் மெக்கானிக் சைக்கிளில் போகும்போது, "என்ன அண்ணே, மாப்பிள்ளையை எழுப்பியாச்சா?" என்று கேட்பார். "எழுப்பியாச்சு, எழுப்பியாச்சு" என்பார் இவர். நான் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பிரச்சினையைத் தெருவில் வைத்துக் கிண்டல் செய்கிறார்களே, இந்த ஆம்பளைகளுக்கு அறிவே இல்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படியே ஒரு வருஷம்போல் ஓடியிருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது. அது கூப்பிடுகிற குரலாக இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பூட்டுக்காரர் சமையலறை வாசலில் கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. வலது கையும் காலும் அவருடையவை அல்லாதவைபோல் துவண்டு கிடக்கின்றன. கண் மட்டும் எங்களையே பார்க்கிறது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, அனுப்புகிறோம், உங்கள் பக்கம் சாலையை வேறு தோண்டிப் போட்டிருக்கிறது, தாமதமாகும் என்றது அந்தக் குரல்.  பழக்கடைக்காரர்தான், "வேன் எதுக்கு நிக்குது? சாவியைக் குடுங்க, நான் ஓட்டறேன்" என்றார். வாலிபத்தில் லாரி ஓட்டியவர் அவர்.

சாவிக்கொத்தைப் பார்த்தால் தலை சுற்றியது. எது சங்கிலிக்கு, எது கியருக்கு, எது பின்கதவுக்கு? அக்கா ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து, அழுது, மறுபடி நுழைத்துப் பார்த்து, ஒருவழியாகத் திறந்தோம். பூட்டுக்காரரைப் போர்வையில் வைத்துத் தூக்கி, ஹோட்டல் விரிப்பு மூட்டைகள்மேல் படுக்கவைத்தோம். அக்கா தலைமாட்டில், நான் கால்மாட்டில். பழக்கடைக்காரர் சாவியைத் திருப்பினார். கிளம்பிவிட்டது. "கிளம்பிடுச்சு அக்கா, கிளம்பிடுச்சு!" என்று சின்னப்பிள்ளைபோல் கத்தினேன். படுத்திருந்தவருடைய கண் என்னைப் பார்த்து விரிந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன். அது பயம்.

தெருமுனையில் வேன் இருமிவிட்டு நின்றது.

பழக்கடைக்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டுர் டுர் என்றது, அவ்வளவுதான். "இந்த நேரத்துலயா படுத்துக்கணும் சனியனே!" என்று இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். அப்போதுதான் பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். விழுந்ததிலிருந்து முதல் வார்த்தை.

"மாப்... மாப்ளே..."

அக்காவுக்கு உடைந்துவிட்டது. "பாத்தியா, பாத்தியா! மாப்பிள்ளையைத் தேடறார். இத்தனை நாள் வெளியில காட்டிக்காம மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கார். போன் போடு, சீக்கிரம் போடு" என்றார்.

போட்டேன். "உங்க மாமாவுக்கு உடம்பு முடியலைங்க. உங்களைத்தான் கேக்கறார், உங்களை மட்டும்தான் கேக்கறார்" என்றேன்.  அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆள் தேம்புகிற சத்தம். போனைப் பூட்டுக்காரர் காதில் வைத்தேன். "மாமா, இதோ வரேன் மாமா, நான்தான் மாமா" என்று மாப்பிள்ளை சொல்வது எங்களுக்கே கேட்டது. இவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "மாப்ளே, மாப்ளே" என்று இடது கையைத் தூக்கி ஓட்டுகிற சீட்டின் முதுகில் அடித்தார். மறுபடி அடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

"அலட்டிக்காதீங்க. மாப்பிள்ளை வந்துட்டே இருக்கார்" என்று அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து, அசையவிடாமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே வைத்திருந்தார்.

"மூளையில வர்ற இந்த ரத்த அடைப்புக்கு ஊசி இருக்கு. ஆனா நேரத்துக்குப் போடணும். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"வண்டி நின்னுபோச்சு டாக்டர்" என்றார் அக்கா.

பூட்டுக்காரர் பத்து நாளைக்குக் கிட்ட உயிரோடு இருந்தார். எல்லா வார்த்தையும் போய் அந்த ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. நர்ஸ் வந்தாலும் மாப்ளே, தண்ணீர் கொடுத்தாலும் மாப்ளே, அக்காவைப் பார்த்தும் மாப்ளே. மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டு அவர் கட்டில் பக்கத்திலேயே கிடந்தார். கஞ்சி ஊட்டினார், முகம் மழித்தார், மூத்திரப் பை மாற்றினார். பெற்ற பிள்ளை செய்வானா என்று வார்டே பேசியது. கடைசி நாட்களில் இவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே அந்த வார்த்தையைச் சொன்னார். அப்போது யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகும் வேன் தெருமுனையில்தான் நின்றது. மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்த மெக்கானிக் அப்போதுதான் திரும்பினார். சாவைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வேனுக்குள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அக்காவும் நானும் அவரை வேனிடம் அழைத்துப் போனோம். "என்னன்னு பாருங்க. அன்னைக்கு நின்னதுதான்" என்றார் அக்கா.

அவர் ஏறினார். சீட்டுக்கடியில் கையை விட்டார். சின்னதாக ஒரு 'டக்'. கொஞ்ச நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் ஓடத் தொடங்கியது.

"என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. மாப்பிள்ளையைத் தட்டிவிட்டேன்" என்றார் மெக்கானிக். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சுவிட்சைச் சொன்னேன் அக்கா. நானும் அண்ணனும் அதை அப்படித்தான் சொல்லுவோம்" என்றார்.

 அக்கா வேனுக்குள் ஏறி, மெக்கானிக் காட்டிய இடத்தில் கையை விட்டு அதைத் தட்டினார். திரும்பத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையாலதானே பிடிச்சு வெச்சேன்" என்றார். அதற்கப்புறம் வந்ததே கோபம்! "பாவி மனுஷா! திருடனுக்குத் தெரியக்கூடாதுன்னா சரி. எனக்குமா தெரியக்கூடாது? உமக்குச் சோறு ஊட்டின கை இது. நானும் திருடியா?" என்று சீட்டைக் குத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. மெக்கானிக்கிடம் நடந்ததை நான் சொன்னேன். அந்த ஆள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வேனை விற்க வேண்டாம், மாமா ஞாபகமாகத் தானே வைத்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முன்னால் அந்த சுவிட்சைப் பிடுங்கிவிடச் சொன்னார் அக்கா.

"அக்கா, அது இல்லாட்டி இந்த வண்டி தங்காது. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள தூக்கிடுவான்" என்றார் மெக்கானிக்.

"தூக்கட்டும். மாப்பிள்ளை கை அதுல படக்கூடாது. பட்டா, அன்னைக்கு வண்டி ஏன் நின்னதுன்னு புரிஞ்சுடும். அப்புறம் ஒண்ணொண்ணாக் கேப்பார்."

மெக்கானிக் ஒயரை ஒன்றாக முறுக்கி ஒட்டிவிட்டு, சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றி, சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கண் கலங்கியது. "அவ்வளவு பேர் இருக்கும்போது என்னைத்தானே மாமா கூப்பிட்டார், அத்தை? நான் முறைச்சுக்கிட்டுப் போனதை மனசுல வெச்சுக்கலை பாருங்க. கடையில எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்" என்றார்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாம் மாப்பிள்ளை. உங்களைத்தான் கூப்பிட்டார். நான்தானே பக்கத்துல இருந்தேன்" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்.

வேன் தெருமுனையைத் தாண்டி, நிற்காமல் திரும்பிப் போனது. அது மறைந்த பிறகும் அக்கா என் கடை வாசலிலேயே நின்றார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"சுவிட்சைக் கூப்பிட்டாரோ, மாப்பிள்ளையைக் கூப்பிட்டாரோ. தலைமாட்டுல நான் இருந்தேன். என்னைக் கூப்பிடலை பாத்தியா" என்றார்.

  அக்கா தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.